ஆழ்கடல் சூரை யாருக்கு? வாடகைக் கப்பல்கள் முதல் தூத்தூர் படகுகள் வரை: ஒரு விளக்கம்

கொச்சி: இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்வளத்தை நீடித்த முறையில் பயன்படுத்துவதற்கான விதிகளை மத்திய அரசு 2025 நவம்பர் 4-ஆம் தேதி அறிவிக்கை செய்தது. அதைத் தொடர்ந்து, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் கிடைக்கும் சூரை மீனைப் பிடிக்கும் வாய்ப்பு யாருக்கு என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. வெளிநாட்டுக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி மீன்பிடிக்க 1980-களில் வகுக்கப்பட்ட திட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி தொடர்கிறது.

இதற்கான விடை டெல்லியில் எழுதப்படுகிறது என்றாலும், அதன் விளைவை முதலில் உணரும் இடங்களில் ஒன்று கொச்சி. மட்டாஞ்சேரி கால்வாயின் கரையில், தோப்பும்படியில் அமைந்துள்ள மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் சூரையுடன் வந்து சேரும் படகுகளில் பெரும்பங்கு கேரளத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்களுடையவை.

"வாடகை" என்ற சொல்லுக்கு இரு பொருள்

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மாலத்தீவு போன்ற நாடுகளில் சூரைக்கான "சார்ட்டர்" மீன்பிடிப்பு என்பது பெரும்பாலும் சுற்றுலாவைக் குறிக்கும். பயணிகள் சிலர் படகையும் அதன் தலைவரையும் ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டு, தூண்டிற்கம்புடன் கடலுக்குச் செல்வார்கள். இந்தியாவில் அந்தமான் போன்ற சில இடங்களில் மட்டுமே இத்தகைய பொழுதுபோக்கு மீன்பிடிப்பு சிறிய அளவில் நடைபெறுகிறது.

இந்திய மீன்வளக் கொள்கையில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. இந்திய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலை அதன் பணியாளர்களுடன் வாடகை ஒப்பந்தத்தில் பெற்று, இந்தியக் கடற்பரப்பில் இயக்குவதே இங்கு "சார்ட்டர்" எனப்பட்டது. விவாதம் முழுவதும் இந்த இரண்டாவது பொருளைச் சுற்றியே நடந்துவருகிறது.

கடல் எல்லைகள் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன?

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி ஆட்சிக் கடல் எனப்படுகிறது. அங்கு மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையுள்ள பிரத்யேகப் பொருளாதார மண்டலம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1976-ஆம் ஆண்டின் கடல்சார் மண்டலங்கள் சட்டம் இதற்கு அடிப்படையாகும்.

இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பைக் கொண்டது. அதில் ஏறத்தாழ பாதி, அந்தமான் நிகோபார் மற்றும் லட்சத்தீவுகளைச் சுற்றியுள்ளது. சூரைக் கூட்டங்கள் அதிகம் நடமாடுவதும் இந்தத் தீவுகளை ஒட்டிய ஆழமான நீரில்தான்.

ஐ.நா.வின் 1982-ஆம் ஆண்டு கடல் சட்ட உடன்படிக்கை, ஒரு கடலோர நாடு தன் மண்டலத்தில் பிடிக்கத்தக்க மீனின் அளவை முழுமையாகப் பிடிக்க இயலாவிட்டால், உபரியை ஒப்பந்தங்கள் வாயிலாகப் பிற நாடுகள் பிடிக்க இடமளிக்க வேண்டும் என்கிறது. இந்த விதியே வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆதரவான வாதத்தின் ஆணிவேராக இருந்தது. "நம்மிடம் ஆழ்கடல் கப்பல்கள் இல்லை, எனவே பிறரது கப்பல்களைக் கொண்டு பிடிப்போம்" என்பதே அந்த வாதத்தின் சாரம்.

1981 முதல் 2017 வரை

வெளிநாட்டுக் கப்பல்களின் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. அதை ஒட்டி வகுக்கப்பட்ட வாடகைக் கப்பல் கொள்கை 1986-இலும் 1989-இலும் திருத்தப்பட்டது. கப்பலை வாடகைக்கு எடுக்கும் இந்திய நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு, பின்னர் சொந்தமாகக் கப்பல் வாங்கும் என்று அரசு எதிர்பார்த்தது. நடைமுறையில் தைவான், தாய்லாந்து போன்ற நாடுகளின் கப்பல்கள் வந்தன, மீனும் பிடிபட்டது, ஆனால் எதிர்பார்த்த அளவில் இந்தியக் கப்பற்படை உருவாகவில்லை.

1991-இல் கொண்டுவரப்பட்ட புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை, வாடகையுடன் கூட்டு முயற்சி, குத்தகை ஆகிய வழிகளையும் திறந்துவிட்டது. இதை எதிர்த்து மீனவர் அமைப்புகள் ஒன்றிணைந்தன. 1994 நவம்பரில் நாடு தழுவிய கடலோர வேலைநிறுத்தம் நடைபெற்றது. தேசிய மீன்தொழிலாளர் பேரவையின் தலைவர் தாமஸ் கோச்சேரி 1995-இல் குஜராத்தின் போர்பந்தரில் உண்ணாவிரதம் மேற்கொண்டார்.

இந்த நெருக்கடியில் பி. முராரி தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 1996-இல் 21 பரிந்துரைகளை அளித்தது. கூட்டு முயற்சி, வாடகை, குத்தகை ஆகியவற்றின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிகளை ரத்து செய்ய வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. 20 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள உள்நாட்டுப் படகுகள் மீன்பிடித்து வரும் பகுதிகளையும், விரைவில் எட்டக்கூடிய பகுதிகளையும் அவற்றுக்கே ஒதுக்க வேண்டும் என்றும், மரபுவழி மீனவர்களின் திறனையும் கருவிகளையும் மேம்படுத்த வேண்டும் என்றும் குழு கூறியது.

எனினும், வெளிநாட்டில் கட்டப்பட்ட கப்பல்கள் வேறு வழியில் வந்தன. 2000-களின் தொடக்கத்தில் "அனுமதிக் கடிதம்" என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி இந்திய நிறுவனங்களின் பெயரில் வெளிநாட்டுத் தயாரிப்பான சூரைக் கப்பல்கள் இயங்கின. அவை பெயரளவில் மட்டுமே இந்தியக் கப்பல்கள் என்றும், பிடித்த மீனை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி விடுவதால் உண்மையான கணக்கு கரைக்கு வருவதில்லை என்றும் மீனவர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின.

இதனிடையே, பி. மீனாகுமாரி தலைமையிலான குழு 2014-இல் அளித்த அறிக்கை, ஆழ்கடலில் கூடுதல் கப்பல்களுக்கு இடமுண்டு என்று கூறியது மீண்டும் போராட்டங்களுக்கு வழிவகுத்தது. இறுதியில் 2017-இல் அனுமதிக் கடித முறை கைவிடப்பட்டது.

இக்காலகட்டத்தின் பெரும்பகுதியில், "ஆழ்கடலுக்குச் செல்லும் திறன் இந்திய மீனவர்களிடம் இல்லை" என்ற கருத்தே கொள்கை வகுப்போரிடம் மேலோங்கியிருந்தது. ஆனால் அந்தத் திறன் ஏற்கெனவே கொச்சித் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது.

தூத்தூர் மீனவர்கள் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு மீனவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் இடைப்பட்ட குறுகிய மணல் திட்டில் வாழும் இம்மக்கள், சுறா வேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றவர்கள்.

சுறாவைத் தேடி ஆழ்கடலுக்குச் சென்றவர்கள், படகுகளைப் பெரிதாக்கிக்கொண்டு, காலப்போக்கில் சூரைக்கும் மாறினர். இன்று இவர்களின் படகுகள் லட்சத்தீவுக் கடல், மகாராஷ்டிரம், குஜராத் கடற்பகுதிகள், அவற்றுக்கு அப்பாலுள்ள சர்வதேசக் கடல் வரை செல்கின்றன. பத்து முதல் பதினைந்து பேர் வரை ஒரு படகில் செல்வது வழக்கம். ஒரு பயணம் ஒரு மாதத்தையும் தாண்டி நீடிக்கலாம். வருவாய், டீசல், ஐஸ், உணவு ஆகிய செலவுகள் போக, பங்கு முறையில் பிரிக்கப்படுகிறது. மீன் படவில்லை என்றால் தொழிலாளிக்குக் கிடைப்பது ஏதுமில்லை.

சொந்த ஊரில் பெரிய படகுகளை நிறுத்துவதற்கு நீண்ட காலம் துறைமுகம் இல்லாததால், இவர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டனர். பின்னர் தேங்காய்ப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கப்பட்டது. எனினும், அதன் முகத்துவாரத்தில் அலைச்சீற்றத்தில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் நேரிட்டுள்ளன. எனவே ஏலச் சந்தை, ஐஸ் ஆலைகள், டீசல், பழுதுபார்ப்பு வசதிகள், ஏற்றுமதி நிறுவனங்கள் ஆகியவை ஒருங்கே உள்ள கொச்சியைப் பலர் விட்டு வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. பயணச் செலவுக்குத் தரகர்களிடம் முன்பணம் பெறும் படகு உரிமையாளர், பிடித்த மீனை அவர்கள் வழியாகவே விற்க வேண்டியிருக்கிறது. இதனால் விலை பேசும் வலிமை குறைகிறது.

சூரை எவ்வாறு பிடிக்கப்படுகிறது?

சூரை என்பது ஒரே மீன் அல்ல. கரையோரத்தில் கிடைக்கும் சிறிய சூரைகள் ஒரு வகை. ஆழ்கடலில் கிடைக்கும் வரிச்சூரை, மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை ஆகியவை மற்றொரு வகை. கேரளச் சந்தையில் "கேர" என்றும், தென் தமிழகத்தில் "கேரை" என்றும் அழைக்கப்படும் மஞ்சள் துடுப்புச் சூரையே கொச்சிக்கு வரும் ஆழ்கடல் மீன்களில் மதிப்பு மிக்கவற்றுள் ஒன்று. இது இரண்டு மீட்டர் நீளத்துக்கும் மேல் வளரக்கூடியது. ஜப்பானிய ஏலங்களில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோவதாகச் செய்திகளில் வருவது நீலத் துடுப்புச் சூரை. அது வேறு இனம்.

பிடிக்கும் முறைகள் மூன்று. முதலாவது, நெடுந்தூண்டில். பல கிலோமீட்டர் நீளமுள்ள முதன்மைக் கயிற்றை மிதவைகளால் தாங்கச் செய்து, அதிலிருந்து கிளைக் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் கணவாய், சாளை, கானாங்கெளுத்தி போன்ற இரையுடன் தூண்டில் முள் மாட்டப்படும். பெரிய வெளிநாட்டுக் கப்பல்கள் சுமார் 100 கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களை இறக்கும். தூத்தூர் படகுகள் இறக்குவது அதைவிட வெகு குறைவு.

இரண்டாவது, செவுள் வலை. கடலில் சுவர்போல் மிதக்கும் இவ்வலையில் சூரையுடன் ஆமை, ஓங்கில் போன்றவையும் சிக்குவதால், 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதவை வலைகளைச் சர்வதேசக் கடலில் பயன்படுத்துவதற்கு எதிராக ஐ.நா. பொதுச்சபை 1991-இல் தீர்மானம் நிறைவேற்றியது.

மூன்றாவது, லட்சத்தீவு மீனவர்களின் தூண்டிற்கம்பு முறை. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் தூவி, வரிச்சூரைக் கூட்டத்தை மேலே வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி எடுப்பார்கள். வேண்டாத உயிரினங்கள் சிக்காத முறை இது. இவ்வாறு பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தித் தயாரிப்பதே தமிழர் சமையலறைகளில் அறியப்பட்ட மாசிக் கருவாடு.

விலை ஏன் கிடைப்பதில்லை?

சூரையின் விலையை நிர்ணயிப்பது பிடிபட்ட எடை மட்டுமல்ல, பிடிபட்ட பிறகு என்ன நடந்தது என்பதும்தான். மற்ற பெரும்பாலான மீன்களைப் போலன்றி, சூரையின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரைவிட அதிகம். தூண்டிலில் சிக்கி நெடுநேரம் போராடும்போது அது மேலும் உயர்ந்து, தசையில் அமிலம் சேர்கிறது. சிவந்த சதை வெளிறி, பச்சையாக உண்ணும் "சஷிமி" தரத்தை இழக்கிறது.

இதைத் தவிர்க்க, மீன் படகில் ஏறியவுடன் மூளையில் குத்தி உடனே கொல்ல வேண்டும். இரத்தத்தை வடிக்க வேண்டும். செவுளையும் குடலையும் நீக்கி, ஐஸும் கடல்நீரும் கலந்த கரைசலில் உள்வெப்பம் விரைந்து தணியுமாறு வைக்க வேண்டும். தாமதமானால் தரம் குறைவதுடன், சதையில் "ஹிஸ்டமின்" என்ற வேதிப்பொருள் உருவாகும். சமைத்தாலும் அழியாத இது, உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சு விளைவை உண்டாக்கும். ஏற்றுமதிச் சரக்குகள் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மாதப் பயணத்தில் முதல் வாரத்தில் பிடித்த மீன், உடைத்த ஐஸில் வாரக்கணக்கில் கிடக்கிறது. அது கரை சேரும்போது சஷிமிச் சந்தைக்கு ஏற்றதாக இருப்பதில்லை. உள்ளூர் விற்பனைக்கும், தகரத்தில் அடைப்பதற்கும், குறைந்த விலை ஏற்றுமதிக்குமே செல்கிறது. ஆழ்கடலுக்குச் செல்லும் துணிவும் மீனைக் கண்டறியும் அறிவும் இவர்களிடம் உண்டு. இல்லாதது குளிரூட்டும் வசதியும், மீனை விரைவாகக் கரை சேர்க்கும் ஏற்பாடுமே. வாடகைக் கப்பல்களிடம் இருந்த உண்மையான மேம்பாடும் இதுதான்.

கொச்சியிலுள்ள நிறுவனங்கள் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றுவருகின்றன. மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், களமசேரியை அடுத்த தலைமை வளாகத்தைக் கொண்ட கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொழில்சார் மீன்வளப் பள்ளி ஆகியவை அவற்றுள் அடங்கும். தோப்பும்படி துறைமுகத்தைச் சுமார் 169 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்துக்கு 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

பாக் நீரிணையில் இழுவை மடிப் படகுகளைக் குறைத்து, தமிழக மீனவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017-இல் ராமேசுவரத்தில் தொடங்கப்பட்டது. அதற்கான படகுகள் சில கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டன. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. நிறைவேறியது அதற்கு வெகு கீழேயே நின்றது. தலா 80 லட்சம் ரூபாய் மதிப்பிலான படகில் மானியம் போக எஞ்சிய தொகையும் கடனும் சுமையானதும், ஒரே நாளில் கரை திரும்பிப் பழகிய மீனவர்களுக்கு வாரக்கணக்கான பயணம் புதிது என்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

உயிருக்கு என்ன பாதுகாப்பு?

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இந்தத் தொழிலின் மறுபக்கத்தைக் காட்டியது. எச்சரிக்கை வெளியானபோது தூத்தூர் பகுதிப் படகுகள் பல, தகவல் எட்டாத தொலைவில் இருந்தன. வழக்கமான வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் சில பத்துக் கடல் மைல் தொலைவுக்கே பயன்படும். தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். தூத்தூர் பகுதியின் எட்டு ஊர்களிலும் அந்த இழப்பின் சுவடு இன்றும் மறையவில்லை.

அதன் பிறகு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளின் தேவை ஏற்கப்பட்டது. ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சூரை கிடைக்கக்கூடிய இடங்கள் குறித்த அறிவிப்புகளையும் வெளியிடுகிறது.

எல்லை தாண்டிய குற்றச்சாட்டில் டீகோ கார்சியாவை ஒட்டிய பிரிட்டிஷ் கடற்பகுதியில் படகுகள் பிடிபடுவதும் இம்மீனவர்கள் எதிர்கொள்ளும் மற்றொரு இடர்.

புதிய விதிகள் கூறுவது என்ன?

2025 நவம்பர் விதிகளின்படி, இயந்திரப் படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக்க இணையவழி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. மரபுவழிப் படகுகளுக்கும் சிறிய மோட்டார் படகுகளுக்கும் விலக்கு உண்டு. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி இல்லை. எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பு, இரட்டை மடி இழுவை ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை அளிக்கப்படும்.

"தாய்க் கப்பல், சேய்ப் படகு" என்ற முறையும் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. சிறிய படகுகள் பிடிக்கும் மீனை நடுக்கடலில் பெரிய கப்பல் ஒன்று பெற்று, குளிரூட்டிக் கரை சேர்க்கும். கூட்டுறவுச் சங்கத்தின் கையில் அத்தகைய கப்பல் இருந்தால், முதல் வாரத்தில் பிடித்த மீன் ஐஸில் கிடந்து வீணாகாது. தூத்தூர் படகுகளின் பழைய குறை தீரும்.

ஆனால், அந்தக் கப்பலை வாங்கும் முதலீடு யாரிடம் உள்ளது என்பதே மீனவர் அமைப்புகளின் கேள்வி. தாய்க் கப்பல் பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானால், கரையில் தரகரிடம் கட்டுண்ட மீனவர் இனி நடுக்கடலிலேயே கட்டுண்டு போவார் என்ற அச்சம் நிலவுகிறது. இந்த அச்சத்துக்குப் பின்னணி உண்டு. கேரளத்தில் 400 ஆழ்கடல் படகுகளைக் கட்டுவதற்காக மாநிலப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம், கடும் எதிர்ப்புக்குப் பின் 2021 பிப்ரவரியில் ரத்து செய்யப்பட்டது.

மீன் வளம் தாங்குமா?

சூரை எல்லைகளை அறியாத மீன். இந்தியா உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுள்ளதாக 2015-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு பிடிப்பைக் குறைக்கும் திட்டத்தை வகுத்தது. 2024-இல் வெளியான மதிப்பீடு நிலைமை மேம்பட்டுள்ளதாகக் கூறியது. பெருங்கண் சூரை குறித்த கவலை நீடிக்கிறது.

பல பதிற்றாண்டுகளாகச் சூறையாடிய தொலைதூர நாடுகளின் பெருங்கப்பல்களையும், தங்கள் கடலில் பிடிக்கும் கடலோர நாட்டு மீனவர்களையும் ஒரே தட்டில் வைத்துக் குறைப்பு விதிப்பது நியாயமல்ல என்பது இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளின் நிலைப்பாடு. அதே வேளையில், பங்கு கோரும் நாடு தன் படகுகளின் பிடிப்பைத் துல்லியமாகக் கணக்குக் காட்ட வேண்டியதும் அவசியமாகிறது. ஒரு மாநிலத்தில் பதிவாகி, மற்றொரு மாநிலத்தில் மீன் இறக்கும் தூத்தூர் படகுகள் இந்தக் கணக்கில் முறையாக இடம்பெறுவது, நாளை இந்தியாவுக்குக் கிடைக்கும் ஒதுக்கீட்டுடன் தொடர்புடையது.

இனி கவனிக்க வேண்டியவை

அனுமதிச் சீட்டு வழங்கல் எவ்வளவு எளிதாக நடைபெறுகிறது, கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தாய்க் கப்பல் வாங்கக் கடனும் மானியமும் எந்த அளவில் கிடைக்கின்றன, தமிழகப் பதிவுடன் கேரளத் துறைமுகத்தில் இயங்கும் படகுகளை இரு மாநிலங்களும் எவ்வாறு நடத்துகின்றன ஆகிய மூன்றும் வரும் மீன்பிடிப் பருவங்களில் தெளிவாகும். மரபுவழி மீனவர்களின் திறனை மேம்படுத்தி ஆழ்கடலை அவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று முராரி குழு 1996-இல் கூறிய பரிந்துரை நடைமுறைக்கு வருமா என்பது இவற்றைப் பொறுத்தே அமையும்.